பாதிப் பெட்டி

என் நாத்தனார் வைஜயந்தியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டு போகும்போது நான் அவளைப் பற்றி நல்லவிதமாகச் சொல்வதுபோல எங்கேயாவது தோன்றினால், அது கை தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் என் கணவரின் தங்கை. மராத்திக்காரர்கள் ஊரான நிக்டியில் ஒரே சோசைட்டிக் குடியிருப்பில் எதிரெதிர் கட்டடத்தில் இருக்கிறோம். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவள் பால்கனி. அங்கே நின்றுகொண்டு அவள் சண்டை போடாத ஆள் கிடையாது. பால்காரன், காய்கறி விற்கிறவள், சோசைட்டி செக்ரட்டரி, சர்க்கரைப் பொங்கலில் முந்திரியைக் குறைத்த கோவில் கமிட்டி எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிறந்ததே நிக்டியில், படித்தது மராத்திப் பள்ளிக்கூடத்தில். அவள் மராத்தியில் ஆரம்பித்தால் மராத்திக்காரர்களே வாயை மூடிக்கொள்வார்கள். அவள் கணவர் அனந்தராமன் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் குரல் உயர்ந்தால் பேப்பரும் உயரும், அவர் முகம் மறைந்துவிடும்.

வைஜயந்திக்கு இரண்டு பைத்தியம் உண்டு. ஒன்று, அவள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் “போறேன்” என்று சொல்லிவிடக் கூடாது. “போயிட்டு வரேன்” என்று சொல்ல வேண்டும். தெரியாமல் சொல்லிவிட்டால் வாசலில் குறுக்கே நின்றுகொள்வாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளைக்கூட மராத்தியில் திருத்தியிருக்கிறாள். மராத்தியிலும் அதே வழக்கம்தான். கிளம்பும்போது ‘ஜாதோ’, போறேன், என்று சொல்ல மாட்டார்கள். ‘யேதோ’, வரேன், என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று, வீட்டில் சண்டைப் படம் இருக்கக் கூடாது. அவள் ஃபிளாட்டின் கிரகப்பிரவேசத்துக்கு நான் ஒரு கீதோபதேசப் படம் வாங்கிக் கொடுத்தேன். தேக்கு ஃபிரேம் போட்டது. மறுநாள் காலையில் அதே காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

“மன்னி, தப்பா நினைச்சுக்காதேங்கோ. தேருக்குப் பின்னால ரெண்டு படையும் நிக்கறது பாருங்கோ. ஆத்துல ரெண்டு படையை எதிரும் புதிருமா வச்சுக்கப்படாது. குடும்பத்துல சண்டை வரும்.”

“உன் குடும்பத்துல சண்டை வரதுக்குப் படம் வேற வேணுமா?” என்றேன். அதோடு கொஞ்ச காலம் பேச்சு இல்லை. அந்தப் படம் இன்றைக்கும் என் வீட்டுப் பரண் மேல்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவை பரணைச் சுத்தம் செய்யும்போதும் எனக்குப் புதிதாகக் கோபம் வருகிறது.

அவளுக்கு ஒரே பெண், ஸ்நேஹா. அம்மாவின் மூக்கு, அம்மாவின் வாய். பாணேரில் ஐ.டி. கம்பெனியில் வேலை. கூட வேலை பார்க்கும் தேஜஸ் என்ற மராத்திப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது, எதிர்க் கட்டடத்துச் சண்டையில் எனக்கு ஒரு மாதம் டி.வி. தேவைப்படவில்லை. கடைசியில் ஸ்நேஹாதான் ஜெயித்தாள். கல்யாணத்தில் வைஜயந்தி சிரித்தபடி ஒரு போட்டோகூடக் கிடையாது. பையனைப் பார்த்து நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளையோடு மாமியார் முகம் கொடுத்துப் பேசக் கூடாது என்று அந்தக் காலத்து மரியாதையை வசதியாகத் தூசி தட்டி எடுத்துக்கொண்டாள். அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். “இன்னும் கொஞ்சம் சாதம் வேணுமான்னு கேளு” என்று ஸ்நேஹாவிடம் சொல்வாள். அந்தப் பையனும் தலையைக் குனிந்தபடி ஸ்நேஹாவிடமே பதில் சொல்வான்.

தலை தீபாவளி வந்தது. ஸ்நேஹா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“அவனுக்கு ரிங், டிரெஸ் எதுவும் வேண்டாம்மா. அவனுக்கு என்ன பிடிக்குமோ அதை வாங்கிக் கொடு. புதுசா ஒரு மினியேச்சர் கேம் வந்திருக்கு, அதோட ஸ்டார்ட்டர் செட் வேணுமாம். கொடுத்தா ஒழுங்கா, மரியாதையா கொடு. இல்லேன்னா இதான் கடைசி, நாங்க வரமாட்டோம். சீரியஸாத்தான் சொல்றேன்.”

அம்மாவைத் தெரிந்த பெண், பெண்ணைத் தெரிந்த அம்மா. இருவருமே சொன்னால் செய்கிறவர்கள். வைஜயந்திக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று மத்தியானம் அவளே என் வீட்டுக்கு வந்து, “மன்னி, கொஞ்சம் கூட வாங்கோளேன்” என்றாள். அவள் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வேடிக்கை பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

பாணேரில் மாடி மேல் ஒரு சின்னக் கடை. உள்ளே நீள மேஜைகள். ஒவ்வொன்றிலும் மலையும் பாலமும் இடிந்த கோட்டையும் வைத்து, கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மை வீரர்களை நிறுத்தியிருந்தார்கள். வளர்ந்த ஆண்கள், தாடி வைத்தவர்கள், குனிந்து நின்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். ஏ.சி.யில் பெயின்ட் நாற்றம். கடைக்காரப் பையன் நல்ல பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கு அன்று நல்ல சோதனை.

புது விளையாட்டுக்கு மூன்று அளவில் பெட்டி இருந்தது. மாதிரிக்கு ஒன்றைத் திறந்து காட்டினான். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் கை தனி, தலை தனி, கத்தி தனியாக ஒட்டிக்கொண்டிருந்தன.

“உடைஞ்சிருக்கே” என்றாள் வைஜயந்தி இந்தியில்.

“இல்லை ஆன்ட்டி, இப்படித்தான் வரும். வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடிக்கணும். அதுலதான் பாதி சந்தோஷம்.”

“காசையும் கொடுத்து வேலையும் நாமே பார்க்கணுமா?”

அவன் சிரித்துக்கொண்டே விளக்கினான். சின்னப் பெட்டியில் ஆட்கள் குறைவு, விதிகளும் அரைகுறை, இரண்டு ஆட்டத்தில் அலுத்துவிடும். பெரிய பெட்டியை ஆசையாக வாங்கிப் போகிறவர்கள் பாதிக்கு மேல் ஒட்டி முடிப்பதில்லை, அது பரணுக்குத்தான் போகிறது. பரண் என்றதும் நான் வைஜயந்தியைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள்.

“எல்லாப் பெட்டியிலும் ரெண்டு படை இருக்கும் ஆன்ட்டி. ஒரு பெட்டி வாங்கினா ரெண்டு பேர் விளையாடலாம். ஸ்டார்ட்டர் செட்னா அதுதான்.”

வைஜயந்தியின் முகம் மாறியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

“சண்டை இல்லாத செட் இருக்கா?” என்று கேட்டாள்.

கடைக்காரன் முதல்முறையாகத் திணறினான். “இது யுத்த விளையாட்டு ஆன்ட்டி.”

“அப்ப ஒரு படை மட்டும் இருக்கற பெட்டி?”

“இது புது கேம். தனிப் படை இன்னும் வரலை. வர ரொம்ப நாள் ஆகும். இப்போதைக்கு இந்தப் பெட்டியில இருக்கறதுதான்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். தமிழில், “கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகலை. ரெண்டும் முன்கோபம். அந்தச் சின்ன ஃபிளாட்டுக்குள்ள ரெண்டு படையை எப்படி மன்னி கொண்டு வைக்கறது?” என்றாள். குரலில் கேலி இல்லை, சண்டையும் இல்லை. “பொம்மைதானே” என்றேன்.

பிறகு திடீரென்று பழைய வைஜயந்தி ஆனாள். ரெண்டு படையும் சமமா என்று கடைக்காரனைக் குடைய ஆரம்பித்தாள். சின்னப் பெட்டியில் ஒரு பக்கம் கொஞ்சம் பலம் ஜாஸ்தி என்று அவன் உண்மையைச் சொன்னான். “சமமில்லாத சண்டை எனக்கு வேண்டாம்” என்று அதைத் தள்ளிவிட்டாள். நடுப் பெட்டியில் ஒரு பக்கம் இரும்புக் கவசம் போட்ட வீரர்கள், இன்னொரு பக்கம் பேய்களும் எலும்புக்கூடுகளும். இரண்டும் சமபலம். அதை வாங்கினாள். ரிக்ஷாவில் வீடு வரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளியன்று விடியற்காலை எண்ணெய் ஸ்நானம், புதுத்துணி, மருந்து எல்லாம் ஆயிற்று. நானும் என் கணவரும் எதிர்க் கட்டடத்திலிருந்து போயிருந்தோம். தேஜஸ் வேட்டியைப் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு, சமர்த்தாக மனையில் உட்கார்ந்திருந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மூலையில் மஞ்சள் தடவிய பெட்டி. அனந்தராமனும் வைஜயந்தியும் சேர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் அந்தப் பையனின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அவனுக்கு அந்த வீட்டிலிருந்து கிடைத்த முதல் நல்ல பொருள் அதுதான்.

உடனே பிரித்தான். மேல் தட்டில் கவச வீரர்கள், விதிப் புத்தகம், பகடைகள். தட்டைத் தூக்கினான். அடியில் ஒன்றுமில்லை. பெட்டியைச் சாய்த்துப் பார்த்தான், கவிழ்த்துப் பார்த்தான்.

“ஹே அர்தச் ஆஹே” என்றான் மெதுவாக. இது பாதிதான்.

“அந்தப் பாதி இங்க இருக்கும்” என்றாள் வைஜயந்தி சுவரைப் பார்த்து. “பேய் பிசாசையெல்லாம் நான் எடுத்து வச்சுண்டுட்டேன். புதுசா குடித்தனம் பண்றவா ஆத்துல ரெண்டு படை இருக்கப்படாது. விளையாடணும்னா இங்க வந்து விளையாடச் சொல்லு.”

ஸ்நேஹா எழுந்தாள். அவள் எழுந்த வேகத்தில் அனந்தராமனின் பேப்பரும் எழுந்தது.

“பாதி கிஃப்டாம்மா? தலை தீபாவளிக்கு யாராவது பெட்டியைப் பிரிச்சுப் பாதியை எடுத்து வச்சுப்பாளா? அவன் உனக்குப் பாதி மாப்பிள்ளை, அதானே சொல்றே? அதை வாயால சொல்லேன், தைரியமா!”

“நான் அப்படிச் சொல்லலைடி.”

“எப்பவும் இப்படித்தான் பண்றே! அவனோட அம்மா எங்களுக்கு முழு வீட்டையே கொடுத்தா. நீ ஒரு பொம்மைப் பெட்டியை முழுசா கொடுக்க மாட்டேங்கறே!”

“அவ கொடுத்தா கொடுக்கட்டும். நன்னா இருக்கட்டும். அந்த வீட்டுல சண்டை வராம இருக்கத்தான் நான் பார்க்கறேன்.”

“சண்டையே உன்னாலதான் வரது!”

நானும் சும்மா இருந்திருக்கலாம். “கீதோபதேசத்தையே திருப்பிக் கொடுத்தவ, இது என்ன பிரமாதம்” என்று என் பங்குக்கு எண்ணெய் ஊற்றினேன். வைஜயந்தி என்னைத் திட்ட, என் கணவர் அவளைத் திட்ட, அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது. வைஜயந்தி கல்யாணச் சாப்பாடு மாதிரி சமைத்து வைத்திருந்தாள். யாரும் இலை முன் உட்காரவில்லை. ஸ்நேஹா பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள். தேஜஸ் பாதிப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினான். வைஜயந்தி பின்னாலேயே போய் நின்றாள். அவன் திரும்பி, நேராக அவள் முகத்தைப் பார்த்து, “ஜாதோ” என்றான்.

போறேன். அந்த வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை. அவன் மராத்திக்காரன், அவனுக்கும் அது சொல்லக் கூடாத வார்த்தைதான். வைஜயந்தி குறுக்கே போய் நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. லிஃப்ட் கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஸ்நேஹா போனை எடுக்கவில்லை. கார்த்திகை வந்தது, அவர்கள் வரவில்லை. வைஜயந்தி பால்காரனோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். அவன் என்னிடம் வந்து, “எதிர் வீட்டுக் காக்குவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கவலையாக விசாரித்தான்.

ஒரு நாள் சாயங்காலம் வைஜயந்தி வந்து, “மன்னி, உங்காத்துல நல்ல நகவெட்டி இருக்கா? என்னோடது மழுங்கிப்போச்சு” என்றாள்.

“எதுக்கு?”

“எலும்புக்கூட்டை அந்தச் சட்டத்துலேர்ந்து வெட்டணும். கை கையா வரது.”

விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்திருந்தது. போனில் வீடியோ பார்த்து ஒட்டுகிறாளாம். ஆட்டத்தின் விதிகளையும் வீடியோவிலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

“எதுக்குடி உனக்கு இதெல்லாம்? பேசாம அந்தப் பாதியையும் கூரியர்ல அனுப்பிட்டு மன்னிப்புக் கேளு.”

“அனுப்பிட்டா அப்புறம் எதுக்கு வருவா?” என்று சட்டென்று கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனிப் படை கடையில் கிடைக்காது என்று கடைக்காரன் சொன்னபோது நானும் பக்கத்தில்தானே நின்றேன்! கூப்பிட்டால் வர மாட்டார்கள், எதிரி வேண்டுமென்றால் வந்துதான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். சாஸ்திரமும் பொய்யில்லை, அதை நிஜமாகவே நம்புகிறவள்தான். சாஸ்திரத்தையே தூண்டிலாகப் போட்டவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

“ஜாதோன்னான் மன்னி. கேட்டேளா? வேணும்னே சொன்னான்” என்றாள். கண் கலங்கியிருந்தது. “தினம் அதான் காதுல விழறது.”

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. நகவெட்டியைக் கொடுத்து, “திருப்பிக் கொடுத்துடு” என்றேன்.

மார்கழி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கீழே தேஜஸின் பைக் வந்து நின்றது. பின்னால் ஸ்நேஹா, முகத்தை ஒரு முழம் தூக்கி வைத்துக்கொண்டு. தேஜஸ் கையில் அந்தப் பெட்டி. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். இதைத் தவறவிட்டால் நான் பிறந்ததில் அர்த்தம் இல்லை.

“மினியேச்சர்ஸ் எடுக்கத்தான் வந்தோம். உட்கார வரலை” என்றாள் ஸ்நேஹா நின்றபடி. “கடையில தனியா கிடைக்கலையாம். இவன் எல்லாத்தையும் பெயின்ட் பண்ணி வச்சுண்டு சும்மா பார்த்துண்டே உட்கார்ந்திருக்கான். மீதியைக் கொடு, போறோம்.”

“கொடுக்க மாட்டேன்” என்றாள் வைஜயந்தி.

உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பேய்ப்படை முழுக்க ஒட்டி நின்றது. ஓர் எலும்புக்கூட்டுக்கு இரண்டு கையும் இடது கை. கோலத்துக்குக் கரைக்கும் காவியை எல்லாவற்றுக்கும் பூசியிருந்தாள். தையல் டேப்பை எடுத்துப் பக்கத்தில் போட்டாள்.

“வேணும்னா ஜெயிச்சு எடுத்துண்டு போகச் சொல்லு.”

ஸ்நேஹா வாயைத் திறந்தாள். அதற்குள் தேஜஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டான். அந்த இரட்டை இடக்கை எலும்புக்கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு. அடக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தான்.

ஆட்டம் எனக்குப் புரியவில்லை. சண்டை நன்றாகப் புரிந்தது. பகடை உருண்டு மேஜைக்குக் கீழே போனால் செல்லுமா செல்லாதா என்று ஒரு சண்டை. சர்க்கரை டப்பா மலையா கோட்டையா என்று ஒரு சண்டை. அவன் மராத்தியில் ஸ்நேஹாவிடம் சொல்ல, இவள் தமிழில் ஸ்நேஹாவிடம் சொல்ல, நடுவில் நின்ற ஸ்நேஹா களைத்துப்போய் சோபாவில் விழுந்துவிட்டாள். அவன் தன் தளபதியை டேப் வைத்து அளந்து நகர்த்தினான். வைஜயந்தி மேஜையைத் தட்டினாள்.

“டேய்! முன்காலிலேர்ந்து அளந்துட்டுப் பின்காலைக் கொண்டு வைக்கறியே? யாரை ஏமாத்தறே? துணிக்கடையிலேயே இந்த வேலை என்கிட்ட நடக்காது!”

“அம்மா! அவனை டேய்ங்கறியா?” என்று ஸ்நேஹா துள்ளி எழுந்தாள்.

“து தாம்ப்” என்றான் தேஜஸ், நீ இரு என்று, அவள் பக்கம் திரும்பாமலேயே. காது சிவந்திருந்தது. தளபதியை ஒரு விரல்கடை பின்னால் இழுத்து வைத்தான். பிறகு வைஜயந்தியை நேராகப் பார்த்து, மராத்தியில், “நீங்கள் மட்டும்? அந்தப் பேய் சுவருக்குள் புகுந்து எப்படி வந்தது?” என்று கேட்டான்.

“பேய் சுவருக்குள்ளே வராம வாசல் வழியா மணியடிச்சுண்டா வரும்?” என்று அவளும் நேராக, மராத்தியிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அனந்தராமன் பேப்பரைக் கீழே இறக்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாடு ஆட்டத்தின் நடுவில், யாரும் யாரையும் உபசரிக்காமல் நடந்தது. “தயிர்” என்றாள் அவள். “நக்கோ”, வேண்டாம், என்றான் அவன். அவ்வளவுதான். இருட்டுவதற்குள் ஆட்டம் முடியவில்லை. வைஜயந்தி பக்கம் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆனால் விதிப் புத்தகத்தில் ஒரு வரிக்கு அவள் ஓர் அர்த்தமும் அவன் ஓர் அர்த்தமும் சொல்லி, அதிலேயே நின்றுவிட்டது. யார் எங்கே நின்றார்கள் என்று ஸ்நேஹாவைப் போனில் படம் எடுக்கச் சொன்னார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள்.

கிளம்பும்போது தேஜஸ் தன் வீரர்களையும் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தான். இங்கேயே இருக்கட்டும், தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று நினைத்திருப்பான்.

“என் ஆத்துல மட்டும் ரெண்டு படை இருக்கலாமா?” என்று கத்தினாள் வைஜயந்தி. “உன் ஆளுகளை நீ எடுத்துண்டு போ. ஒண்ணு விடாம எடு.”

பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்கினான். ஸ்நேஹா அம்மாவிடம் ஒன்றும் பேசாமல் லிஃப்ட் பட்டனை அழுத்தினாள். கோபம் தீரவில்லை, தீர்ந்ததாகக் காட்டிக்கொள்கிற பெண்ணும் இல்லை. ஆனால் இரண்டு டப்பா மோர்க்குழம்பு அவள் பையில் இருந்ததை நான் பார்த்தேன்.

தேஜஸ் வாசலில் செருப்பை மாட்டினான். வைஜயந்தி வாசலுக்குப் போகவில்லை. மேஜை பக்கமே நின்று, பேய்களைத் தட்டில் நேராக நிறுத்திக்கொண்டிருந்தாள். ஒன்று கை தவறி விழுந்தது.

“யேதோ” என்றான் அவன். லிஃப்ட் கதவு மூடியது.

அவள் திரும்பவில்லை.

“மன்னி, என்னமோ சொல்லிட்டுப் போனானே. என்ன சொன்னான்?”

“உனக்குத்தான் மராத்தி தெரியுமே.”

“காதுல சரியா விழலை. நீங்க சொல்லுங்கோ.”

விழுந்தது. எதிர்க் கட்டடத்தில் குக்கர் எத்தனை விசில் வந்தது என்று சொல்கிற காது அது. சொல்லக் கூடாது, நன்றாகத் தவிக்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. பரண் மேல் கிடக்கும் படமும் ஞாபகம் வந்தது.

“வரேன்னு சொன்னான்” என்றேன்.

அவள் விழுந்த பேயை எடுத்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பேயின் முகத்தைத் துடைக்கிறாள் என்று முதலில் நினைத்தேன்.

“சரி, நீங்க கிளம்புங்கோ. இன்னும் எத்தனை நாழி இங்கேயே உட்கார்ந்திருக்கப் போறேள்? எனக்கு வேலை இருக்கு” என்றாள். “என் நகவெட்டி எங்கே?” என்று கேட்டேன். தர மாட்டேன் என்றாள்.